வலது கால் வேலை

ஜனவரி 3

நூல் கடையில் இந்த வருஷமும் டைரி கொடுத்தார்கள். வழக்கமாக இதில் பிளவுஸ் அளவுதான் எழுதுவேன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் தைக்கக் கொடுக்க வந்தவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டேன், அதனால் பக்கங்கள் சும்மா கிடக்கின்றன. என் புலம்பலை எழுதுகிறேன். கேட்க வீட்டில் ஆள் இருக்கிறார், ஆனால் வாயைத் திறப்பதில்லை.

நவம்பர் கடைசியில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கச்சேரி. முடிந்து மேடைப் பலகையில் இறங்கும்போது இவர் சறுக்கி விழுந்தார். கையை ஊன்றியிருந்தால் கால் தப்பித்திருக்கும். ஊன்றவில்லை, கையில் பெட்டி இருந்ததாம். பச்சைக் குழந்தையைப் போல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே விழுந்திருக்கிறார். வலது கணுக்காலில் இப்போது தகடும் திருகாணியும். பெட்டியில் ஒரு கீறல் கிடையாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை அப்படி அணைத்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இவர் பகலில் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். மற்ற நேரம் பாண்டுரங்கன் அண்ணனின் இன்னிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிடார். முன்பெல்லாம் சோப்பு டப்பா அளவில் ஆறேழு டப்பாக்களை ஒயரில் கோத்துக் காலடியில் பரப்பி வைப்பார். ஒன்று எதிரொலிக்கு, ஒன்று கரகரப்புக்கு, ஒன்று அழுகைக்கு. மேடையில் ஏதாவது ஒன்றுக்கு பேட்டரி தீர்ந்துவிடும். எது என்று தேடுவதற்குள் பாட்டே முடிந்துவிடும். போன வருஷம் அவற்றையெல்லாம் தலைமுழுகிவிட்டு, மல்டி எஃபெக்ட்ஸ் என்று ஒரே பெட்டியாக வாங்கினார். எல்லாச் சத்தமும் எண் போட்டு அதற்குள் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு நாலு சத்தம், அதற்கு நாலு பொத்தான். பக்கம் புரட்ட இரண்டு பொத்தான். வலது ஓரத்தில் என் தையல் மெஷினுக்கு இருப்பதுபோல ஒரு மிதி, அழுகைச் சத்தம் அதில்தான். எல்லாமே வாசிக்கும்போது காலால் செய்கிற வேலை, அதுவும் வலது காலால்.

ஜனவரி 6

பாண்டுரங்கன் அண்ணன் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். ஆப்பிளை என்னிடம் கொடுக்கும்போதே முகம் சரியில்லை.

"தனிசு, பிப்ரவரி பதினஞ்சு ஸ்பின்னிங் மில்காரர் வீட்டு ரிசப்ஷன். பெரிய எடம். அங்க நல்லா அமைஞ்சா வருஷம் பூரா நம்மளத்தான் கூப்புடுவாய்ங்க. உன்னால முடியுமா முடியாதான்னு வெளிப்படையா சொல்லிரு."

"அதுக்குள்ள கட்டு பிரிச்சிருவாங்கண்ணே."

"கட்டு பிரிச்சா ஆச்சா? பொட்டிய யாரு மிதிக்கிறது? மேலூர் ஜெபக்குமார்ட்ட ஒரு வார்த்த சொல்லி வைக்கிறேன். சும்மா ஒரு இதுக்குத்தான்."

இவர் "சரிண்ணே" என்றார். ஜெபக்குமார் நல்ல மனுஷர், கிடாரும் நன்றாக வாசிப்பார். ஆனால் குழுவில் ஒரு நாளைக்கென்று வந்து உட்கார்ந்தவர் எழுந்து போனதாகச் சரித்திரமே இல்லை. இவரே அப்படி உள்ளே போனவர்தான். முன்பிருந்தவருக்கு மஞ்சள்காமாலை, ஒரே ஒரு கச்சேரிக்கு வா என்று கூப்பிட்டார்கள். அப்போது எங்களுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

பதினைந்தாம் தேதி மேடையில் இவர் இல்லையென்றால் அதற்குப் பிறகு எப்போதும் இல்லை. இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிடார் இல்லாமல் இந்த மனுஷர் எப்படி இருப்பார் என்று ஒரு மாதமாகப் பார்க்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜனவரி 8

காலையில் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, இடது காலால் பெட்டியை மிதித்துப் பார்த்தார். நான் பக்கத்தில் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். பொத்தானை அழுத்துகிற இடமெல்லாம் தாளம் கோணிக்கொண்டு போனது. தாளத்தைப் பிடித்தால் பொத்தான் தவறியது.

"இன்னொரு கால்தானங்க, பழகிக்கங்க" என்றேன்.

"இடது காலு தாளத்துக்குடி. அது தரையில தட்டிக்கிட்டே இருந்தாத்தான் கை ஓடும். முப்பது வருசமா அப்பிடித்தான். அதப் போயி பொட்டியில வச்சா தாளத்த எங்கிட்டுப் போயி வைக்கிறது, தலையிலயா?"

ஒரு மாதத்தில் இவ்வளவு நீளமாகப் பேசியது இன்றைக்குத்தான்.

ஜனவரி 9

கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டார். மத்தியானச் சாப்பாடு பாதி தட்டிலேயே இருந்தது.

ஜனவரி 11

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் கிடார் வெளியே இருக்கிறது. சரி, ஆசை விடவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். ஒரே சத்தத்தில், ஒரே பாட்டை, மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றாமல் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். கேட்கச் சகிக்கவில்லை. அந்த இடத்தில் எதிரொலி வரும், எனக்கே மனப்பாடம். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ பொறுமை போய்விட்டது. கரண்டியோடு வந்து, "இத மிதிச்சாத்தான வரும்!" என்று பெட்டியில் ஒரு மிதி மிதித்தேன்.

எதிரொலி வந்தது. சரியான இடத்தில் வந்தது.

இவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டு வாசித்து முடித்தார். பிறகு சிரித்தார். நவம்பருக்குப் பிறகு அந்தச் சிரிப்பை இன்றுதான் பார்க்கிறேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது, பரவாயில்லை.

ஜனவரி 12

அது ஏதோ தப்பித்தவறி விழுந்த மிதி. இன்றைக்கு இவர் வாசிக்க, நான் மிதித்துப் பார்த்தேன், ஒன்றுகூடச் சரியாக விழவில்லை.

இவர் எண்ணச் சொல்கிறார். "பதினாறு எண்ணி, பதினேழுல மிதி" என்கிறார். பதினாறு எண்ணுவதற்குள் எனக்கு ஊரில் இருக்கிற யோசனையெல்லாம் வந்துவிடுகிறது. "எண்ண மாட்டேன்" என்றேன். "எண்ணாம எப்பிடிடி?" "பாடுற பொண்ணு ரெண்டாவது சரணத்துக்கு மூச்சு எடுக்கும்ல, அப்ப மிதிப்பேன்." "மூச்ச வச்செல்லாம் மியூசிக் பண்ண முடியாது." "அப்ப நீங்களே மிதிச்சுக்கங்க."

மாலையில் அவராகவே செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டார். பாடகி மூச்சு எடுத்தாள், நான் மிதித்தேன். இவர் மூக்கைச் சொறிந்துகொண்டார். தோற்றால் அப்படித்தான் செய்வார்.

ஜனவரி 14

பொங்கல் லீவில் தைக்க வேலை இல்லை. பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். ஒரே குப்பை. மூன்றாம் பக்கத்தில் ஒரு கரகரப்பு, ஒன்பதாம் பக்கத்தில் அதற்கு ஜோடியான எதிரொலி, நடுவில் யாருக்கும் வேண்டாத சத்தங்கள். ஒன்று ஹெலிகாப்டர் மாதிரி அடிக்கிறது.

ரிசப்ஷனுக்குப் பாண்டுரங்கன் அண்ணன் பாட்டு வரிசை கொடுத்துவிட்டார். அந்த வரிசைப்படியே சத்தங்களை அடுக்கிவிட்டால் என்ன என்று கேட்டேன். முதல் பாட்டின் சத்தங்கள் முதல் பக்கம், இரண்டாவது பாட்டு இரண்டாவது பக்கம். நான் தேடவே வேண்டாம், வரிசையாகப் புரட்டிக்கொண்டே போகலாம். இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். பிறகு "நல்ல யோசனைதான்" என்றார். ஒவ்வொன்றையும் எப்படிப் புது எண்ணில் சேமிப்பது என்று காட்டிக்கொடுத்தார். நானே அடுக்கினேன். பீரோவில் புடவை அடுக்கி முடித்த மாதிரி மனதுக்குச் சுத்தமாக இருந்தது.

ஜனவரி 19

கட்டு பிரித்தாயிற்று. கால் வாழைத்தண்டு மாதிரி வெளுத்து இளைத்திருந்தது. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் பைய ஊன்றிப் பழகச் சொல்லிவிட்டு, எலும்பு நன்றாகவே கூடியிருக்கிறது என்றார்.

ஆட்டோவில் வரும்போது இவர் சொன்னார்: "கூடியிருக்கு, ஆனா மடங்க மாட்டேங்குது பவுலின். பொட்டிக்கு இது இப்பதைக்கு ஆகாது. நீதான் மிதிக்கணும்."

"மிதிச்சாப் போச்சு" என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஜனவரி 23

இன்றைக்குப் பெரிய பாவம் செய்துவிட்டேன். ஒரு சத்தத்தை நகர்த்தும்போது இன்னொன்றின் மேல் சேமித்துவிட்டேன், கீழே இருந்தது அழிந்துபோனது. அழிந்தது, மெதுவான பாட்டுகளுக்கென்று இவர் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்த எதிரொலி. சொன்னபோது முகம் வெளுத்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகு இருவரும் உட்கார்ந்து திரும்பச் செய்தோம். கண் டாக்டர் கண்ணாடி மாற்றி மாற்றிக் கேட்பதுபோல ஒவ்வொன்றாகத் திருகி, "இதுவா? இல்ல இதுவா?" என்று கேட்டார். "இல்லீங்க, அதுல கொஞ்சம் ஈரம் இருந்துச்சு" என்றேன். ஏதோ திருகினார். "இப்ப ரொம்ப ஈரம், பிழியாமக் காயப் போட்ட மாதிரி இருக்கு." குறைத்தார். "பின்னாடி வர்ற சத்தம் இவ்வளவு பளிச்சுன்னு வராது. பக்கத்து ரூம்ல இருந்து வர்ற மாதிரி வரும்." அதையும் செய்தார். பிறகு ஒரே ஒரு கம்பியைத் தட்டினார், நான் "அதான்" என்றேன்.

"எனக்கே இப்பிடி ஞாபகமில்லயே. நீ எப்படி?"

அடுப்படியில் நின்று வருஷக்கணக்காகக் கேட்கிறேன், வேறு எப்படி? அதைச் சொல்லாமல், "சேமிங்க மொதல்ல, கரண்டு போயிரப்போகுது" என்றேன்.

ஜனவரி 30

தைத்த பிளவுஸ்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். மத்தியானம் முழுக்க வெளியில்தான் இருந்தேன். படியேறும்போது மாடி வீட்டுச் சகுந்தலா, "இன்னைக்கு ரெண்டு பேரும் ஜோரா வாசிச்சீங்க போலருக்கே, சத்தமெல்லாம் அப்பிடி அப்பிடி மாறுச்சே" என்றாள்.

சகுந்தலாவுக்கு நாள் கிழமையெல்லாம் எப்போதும் குழப்பம்தான்.

பிப்ரவரி 4

குளியலறையிலிருந்து கட்டில் வரைக்கும் ஈரத் தடம், இரண்டு பாதமும் பளிச்சென்று. ஊன்றுகோல் தடத்தைக் காணோம். துடைத்துவிட்டேன்.

பிப்ரவரி 8

ஒத்திகை. பாண்டுரங்கன் அண்ணன் வீட்டு மாடியில் எல்லோரும் என்னை வேடிக்கை பார்த்தார்கள். டிரம்ஸ்காரர் ரஃபி, "என்ன மதினி, பொட்டியத் தைக்கப் போறீங்களா?" என்றார். "மொதல்ல உங்க வாயத் தைக்கிறேன்" என்றேன்.

பாட்டு ஆரம்பித்தது. வரிசைப்படி பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனேன், ஒரு தப்பு இல்லை. அழுகை மிதியில்தான் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அதில் ஒரு வித்தையும் இல்லை. மெஷின் மிதியை இத்தனை காலம் மிதித்த காலுக்கு எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு ஓடும் என்று தெரியாதா? பாண்டுரங்கன் அண்ணன் தலையை ஆட்டினார். ஆனாலும், "ஜெபக்குமார் வந்து ஓரமா நிக்கட்டும் தங்கச்சி. நம்ம நல்லதுக்குத்தான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊன்றுகோல் ஆட்டோவில் சும்மா படுத்திருந்தது.

பிப்ரவரி 14

நாளைக்குக் கருநீலப் புடவை. செருப்பு போட்டால் பொத்தான் தெரியாது, வெறுங்கால்தான்.

பிப்ரவரி 16

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

மண்டபத்தில் சாயங்காலமே கூட்டம் நிறைந்துவிட்டது. எனக்கு இவரின் வலது பக்கம் நாற்காலி. பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில். இவருடைய வலது கால் பெட்டிக்கு அந்தப்புறம் குட்டி ஸ்டூலில். மேடை ஓரத்தில் ஜெபக்குமார் தோளில் கிடார் பையோடு நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

சாமி பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதும் சுத்தம். மூன்றாவது மெதுவான டூயட். நான் மூன்றாம் பக்கத்தைப் புரட்டி வைத்துக்கொண்டு தயாராக இருந்தேன். அப்போது மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் நாலு பேர் துண்டுச் சீட்டோடு மேடைக்கு வந்தார்கள். பாண்டுரங்கன் அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி, "லிஸ்ட்ட மூடி வையி, பதினொண்ண எடு" என்றார். உடனே ரஃபி குத்துப் பாட்டுக்கு அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

பதினொன்று எட்டுப் பக்கம் தள்ளி இருக்கிறது. புரட்டினேன். எத்தனை புரட்டினேன் என்று தெரியவில்லை, தாண்டிப் போய்விட்டது, திரும்பி வந்தால் இன்னும் குழப்பம். இவர் ஆரம்பித்தேயாக வேண்டிய இடம் வந்துவிட்டது. வெடிக்க வேண்டிய கிடார் ஈரத்துணி மாதிரி சொதசொதவென்று விழுந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாண்டுரங்கன் அண்ணன் இவரைப் பார்க்கவில்லை, நேராக ஜெபக்குமாரைப் பார்த்தார். ஜெபக்குமார் தோள் பையை இறக்கினார். என் கால் மரத்துப்போய் அப்படியே நின்றுவிட்டது. கெடுத்துவிட்டேன், என்னால்தான் போகிறது என்று மட்டும் தோன்றியது.

அப்போது ஸ்டூலிலிருந்து இவருடைய வலது கால் இறங்கியது. என் பாதத்தை மெல்ல ஒதுக்கிவிட்டு, கீழே குனிந்துகூடப் பார்க்காமல், நான் தாண்டியதை எண்ணி வைத்திருந்ததுபோல டக் டக்கென்று பின்னால் புரட்டி, மூன்றாம் பொத்தானில் நின்றது. கிடார் வெடித்தது. சிநேகிதர்கள் ஓவென்று கத்திக்கொண்டு ஆடினார்கள். கால் மறுபடி ஸ்டூலில் ஏறி, நோயாளி மாதிரி படுத்துக்கொண்டது.

"எந்தக் கல்யாணத்துலடி லிஸ்ட் படி பாடியிருக்காய்ங்க?" என்று காதோரம் சொன்னார். "பயப்படாத. பக்கத்த நான் சொல்றேன், நீ மிதி."

அதற்குப் பிறகு சீட்டு மேல் சீட்டாக வந்தது. மணப்பெண்ணின் தாய்மாமன், சித்தப்பா, மில்காரரே ஒன்று. வரிசை சுக்குநூறாகிவிட்டது. இவர் "அஞ்சுல ரெண்டு", "ரெண்டுல நாலு" என்பார், நான் மிதிப்பேன். கடைசியில் அந்த மெதுவான டூயட்டும் வந்தது. அதற்கு மட்டும் இவர் ஒன்றும் சொல்லவில்லை. பாடகி மூச்செடுத்த இடத்தில் மிதித்தேன், அழுகை மிதியைப் பைய இறக்கினேன். கிடார் அழுதது, எனக்கும் அழுகை வந்தது. சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

ஜெபக்குமார் எப்போதோ போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாராம். திரும்பி வந்து, "அண்ணே, இந்த ஏற்பாட்டுக்கு நடுவுல நான் எங்க உக்கார்றது?" என்று சிரித்துக்கொண்டே பெட்டியை வேன் வரை தூக்கி வந்தார். பாவம், நல்ல மனுஷர்தான்.

பிப்ரவரி 17

நேற்று முழுக்க ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று மாவு அரைக்கும்போது விளங்கிவிட்டது.

பழைய வரிசையாக இருந்தால் இவருடைய கால் தூக்கத்தில்கூட மிதிக்கும். இது நான் பொங்கலுக்கு அடுக்கிய புது வரிசை. அதற்குப் பிறகு இவர் கால் பெட்டியில் பட்டதே இல்லை, மடங்கவில்லை என்றார். அப்படியானால் கண்ணால் பார்க்காமல் பதினொன்றை எப்படிப் பிடித்தது?

சகுந்தலாவுக்கு நாள் குழப்பமில்லை. நான் வெளியே போகும்போதெல்லாம் என் வரிசையை இவர் காலால் பாடம் செய்திருக்கிறார். வரிசை நிற்காது என்று பொங்கலன்றே இவருக்குத் தெரியும். முப்பது வருஷம் மேடை ஏறியவருக்குத் தெரியாதா? நான் அவ்வளவு ஆசையாக அடுக்கினேன், அதைக் கலைக்க மனம் வரவில்லை. நான் தடுமாறினால் தாங்கிக்கொள்ளலாம் என்று சத்தமில்லாமல் தயாராகியிருக்கிறார். கால் சரியாகிவிட்டது என்று சொன்னால் நான் அடுப்படிக்குத் திரும்பிவிடுவேன் என்றும் பயந்திருக்கிறார்.

நானும் ஒன்றும் தெரியாதவள் இல்லை. ஈரத் தடத்தை யார் துடைத்தது? காலையில் டிபன் முடித்து இவர் பக்கத்தில் உட்காரும் அந்த நேரம் எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

நான் கேட்கவில்லை. இட்லி இரண்டு கூட வைத்தேன், சாப்பிட்டார்.

பிப்ரவரி 21

பாண்டுரங்கன் அண்ணன் போன் செய்தார். மில்காரர் தங்கை வீட்டிலும் நிகழ்ச்சி கேட்டிருக்கிறார்களாம். நான் அடுப்படியில் இருந்தேன். அண்ணன் குரல் எப்போதும் தெருவுக்கே கேட்கும்.

"தனிசு, கிடார் உன்னுதுதான்யா, இனிமே அதுல பேச்சில்ல. கால் தேவலயா? மேடையில எடம் கம்மி. ஒரு நாற்காலி போட்டாப் போதும்ல?"

"எங்கண்ணே! ரெண்டு போடச் சொல்லுங்க. கால் இன்னும் மடங்கவே மாட்டேங்குது."

தட்டைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வலது கால் பெருவிரலில் எக்கி நின்று, பரணிலிருந்து ஒயர்ப் பையை எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பினார். என்னைப் பார்த்ததும் எக்கிய கால் எக்கியபடி நின்றுவிட்டது.

நான் அடுப்படிக்குத் திரும்பிக்கொண்டே, "வீக்கமும் இருக்குன்னு சொல்லுங்க" என்றேன்.

சொன்னார்.